கணினி நினைவகத்தின் நிலையாமை: ஒரு வரலாற்று நோக்கு

பனையோலை ஏடு நெடுநாள் நிலைப்பதன்று. செல்லும் ஈரமும் காலமும் அதனை அரித்துவிடும். ஆதலின் ஏட்டில் உள்ளது அழியாதிருக்க வேண்டுமாயின், அது சிதையுமுன்னர்ப் புதியதோர் ஏட்டிற் பெயர்த்தெழுதப்படல் வேண்டும். இவ்வாறு பெயர்த்தெழுதியவர்களின் உழைப்பினாலேயே பண்டை நூல்கள் இற்றைநாள்வரை வந்து சேர்ந்தன. எனினும், பெயர்த்தெழுதுங்காற் பிழை நுழைவதும் இயல்பே. ஓர் எழுத்துத் தவறியதனாற் பொருளற்ற சொல் தோன்றுமாயின் கற்றோர் அதனை உடனே கண்டுகொள்வர். பொருளுடைய வேறொரு சொல் தோன்றிவிடுமாயின், அப்பிழை ஐயத்திற்கு இடமின்றிப் பல தலைமுறை உலாவரும். 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1887 இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடங் கண்டமைக்குக் காரணம் இதுவேயாம்.

இக்காலக் கணினியின் நினைவகமும் ஓலையேட்டை ஒத்ததே என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். கல்வெட்டைப்போல ஒருமுறை பொறித்தால் என்றும் நிற்பது அதன் இயல்பன்று. ஒரு விநாடியினுள்ளே பன்முறை தன்னைத் தானே பெயர்த்தெழுதிக் கொள்வதனாலேயே அது நினைவைக் காத்துவருகின்றது. அவ்வாறு காக்குமிடத்துப் பிழை நேர்வதும், அப்பிழையைக் கண்டறிய அறிஞர் வழி தேடுவதும் கணினியின் வரலாறு முழுவதும் இடையறாது தொடர்ந்து வந்துள்ளன. தாய்ப்பலகையின் நிலைப்பொருளைப் புதுப்பித்தபின் நினைவகம் தடுமாறுவதென இன்று பலரும் முறையிடும் குறை, அந்நெடிய வரலாற்றின் அண்மை அத்தியாயமேயன்றிப் புதுமையன்று.

இவ்வாராய்ச்சி வன்னிப் பெருநிலத்துக்குச் சிறப்பாக வேண்டப்படுவதொன்று. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்த விசுவமடு, மிளகாய்ச் செய்கையாலும் வெங்காயச் செய்கையாலும் பெயர் பெற்ற குடியேற்ற ஊராகும். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் போர் அவ்வூரை அடைந்தபோது மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். வீடுகளோடு காணி உறுதிகளும், பிறப்புச் சான்றிதழ்களும், பாடசாலைப் பதிவேடுகளும் அழிந்தன. மீள்குடியேறியவர்கள் தாம் யாவர், தம் காணி யாது என்பதை மீண்டும் எழுத்தில் நிறுவ வேண்டியவராயினர். அவ்வாறு மீண்டும் எழுதப்பட்டவை யாவும் பெரும்பாலும் கணினி வழியே எழுதப்பட்டன. ஒருமுறை ஏடிழந்த ஊருக்குத் தன் இரண்டாம் ஏடு நம்பத்தக்கதா என்னும் வினா வெறும் பொறியியல் வினாவாகாது.

நினைவகத்தைச் சோதிக்கப் பிறந்த கணினி

இங்கிலாந்தின் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்திற் பிரெட்ரிக் வில்லியம்ஸ், ரொம் கில்பேண் என்னும் இருவரும், கதோட்டுக் கதிர்க் குழாயின் முகத்தில் மின்னேற்றப் புள்ளிகளை இட்டு அவற்றை நினைவாகக் கொள்ளும் முறையொன்றை வகுத்தனர். ஆனால் அப்புள்ளிகள் ஒரு விநாடிக்கும் குறைந்த காலத்தில் மறைந்துவிடும். ஆதலின் மறையுமுன் அவற்றைப் படித்து மீண்டும் எழுதும் சுற்றொன்றும் உடனமைக்கப்பட்டது. இந்நினைவகம் மெய்யாகவே தொழிற்படுமோ என்பதைச் சோதிப்பதற்கென்றே சிறு கணினியொன்று கட்டப்பட்டது. ‘பேபி’ எனப் பெயர்பெற்ற அக்கணினி, 1948 ஆம் ஆண்டு யூன் மாதம் 21 ஆம் நாள் தன் நினைவகத்திற் சேமிக்கப்பட்ட கட்டளைகளை முதன்முறையாக இயக்கிற்று. எண்ணொன்றின் மிகப் பெரிய காரணியைக் காண்பதற்கு அது 52 நிமிடம் இயங்கியது. அதன் நினைவகம் 32 சொற்கள். சொல்லொன்றுக்கு 32 பிற்றுகள். ஆக 1,024 பிற்றுகள்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. சேமித்த கட்டளைகளால் இயங்கிய முதற் கணினி, கணக்கிடுவதற்காக அன்றி, நினைவகம் நம்பத்தக்கதா எனக் காண்பதற்காகவே பிறந்தது. நினைவகச் சோதனை என்பது கணினி பழுதுற்றபின் செய்யப்படும் பிற்காலத் தொழில் அன்று. அது கணினியோடு உடன்பிறந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலுள்ள மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜே பொறெஸ்ரர் தலைமையில் ‘வேள்விண்ட்’ என்னும் கணினிக்குக் காந்த வளைய நினைவகம் அமைக்கப்பட்டு, 1953 இற் பயன்பாட்டுக்கு வந்தது. நுண்ணிய காந்த வளையங்களைக் கம்பிகளிற் கோத்து, வளையமொன்று வலமாகக் காந்தமேறியதா இடமாகக் காந்தமேறியதா என்பதைக் கொண்டு ஒரு பிற்றைக் குறிப்பது இம்முறை. மின் நின்றாலும் இவ்வளையம் மறவாது. பம்பாயிலுள்ள தாதா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் அமைக்கப்பெற்று 1960 இற் பணிதொடங்கிய ‘ரிப்றக்’ என்னும் கணினியும் இத்தகைய நினைவகத்தையே கொண்டிருந்தது. 40 பிற்றுகள் கொண்ட 2,048 சொற்களை அது தாங்கியது. கணினி நினைவகம் ஓரளவு உறுதியோடு விளங்கிய காலம் இதுவாகும். ஆயினும் வளையங்களைக் கையாற் கோத்தல் வேண்டியிருந்தமையின் அதன் விலை மிகுந்திருந்தது. இடமும் பெரிதாக வேண்டப்பட்டது.

மறக்குங் கலமும் அதன் காவலும்

விலையையும் இடத்தையும் சுருக்கவேண்டும் என்னும் நோக்கமே நினைவகத்தை மீண்டும் மறதியின் பாதையிற் செலுத்தியது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் டெனாட், ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் மாத்திரங் கொண்டு ஒரு பிற்றைக் காக்கும் முறையை 1966 இற் கருதி, 1968 இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். கொள்ளளவியில் ஏற்றம் இருப்பின் 1, இல்லையாயின் 0. இத்துணை எளிய அமைப்பினாற் கலம் மிகச் சிறியதாயிற்று. ஆயினும் அக்கொள்ளளவி ஓட்டைக்குடம் போன்றது. அதிலுள்ள ஏற்றம் இடையறாது கசிந்துகொண்டேயிருக்கும். இன்றைய நினைவகங்களிற் கலம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 64 மில்லி விநாடிக்கு ஒருமுறையாவது படிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படுதல் வேண்டும். மான்செஸ்ரர்க் குழாயின் முறை வேறோர் உருவில் மீண்டு வந்தமை இதுவாம்.

1970 இல் இன்ரெல் நிறுவனம் 1103 என்னும் நினைவகச் சில்லை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் கொள்ளளவு 1,024 பிற்றுகள். ‘பேபி’ என்னும் கணினியின் நினைவகம் முழுவதும் 22 ஆண்டுகளில் விரல்நுனி அளவினதாகிய ஒரு சில்லில் அடங்கிவிட்டது. இன்று சாதாரண மேசைக்கணினியொன்றிற் செருகப்படும் 8 கிகாபைற்று நினைவக அட்டையில் 6,800 கோடிக்கு மேற்பட்ட கலங்கள் உள.

கலம் சிறுக்குந்தோறும் அது தாங்கும் ஏற்றமும் சிறுத்தது. 1978 இல் இன்ரெல் நிறுவனத்தைச் சேர்ந்த ரிமதி மே, முறே வூட்ஸ் என்னும் இருவர் விந்தையான செய்தியொன்றை வெளியிட்டனர். பழுது யாதுமற்ற நினைவகச் சில்லுகளில் அவ்வப்போது ஒரு பிற்று மாறிவிடுகின்றது. மீண்டும் எழுதினாற் கலம் செவ்வனே தொழிற்படுகின்றது. ஆராய்ந்தபொழுது, சில்லைப் பொதிந்த பொருளில் மிகச் சிறு அளவிற் கலந்திருந்த யுரேனியம், தோரியம் என்பனவற்றினின்று வெளிப்பட்ட அல்பாத் துணிக்கைகளே அதற்குக் காரணம் எனத் தெளிவாயிற்று. குற்றஞ் சாட்டப்பட்டது கலம். குற்றவாளியோ அதனைச் சூழ்ந்திருந்த உறை. நினைவகப் பிழையின் வரலாற்றில் இவ்வேறுபாடு மீண்டும் மீண்டும் காணப்படுவது.

பிழையைக் கண்டறிய வழியும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. பெல் ஆய்வுகூடத்தில் வார இறுதியில் ஆளின்றி இயங்கிய கணினி, பிழையொன்று நேர்ந்ததும் செய்துகொண்டிருந்த கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடுவதைக் கண்டு மனம் புழுங்கிய றிச்சட் ஹமிங், பிழை உண்டென்று அறியும் பொறி அது எங்குளதென்றும் அறிந்து திருத்தலாகாதோ எனச் சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாக 1950 இல் வெளியான அவரது முறை, மேலதிகப் பிற்றுகள் சிலவற்றைச் சேர்த்து எழுதி, அவற்றின் ஒப்பீட்டால் தவறிய பிற்றைக் காட்டிக் கொடுப்பது. பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடங் காணும் பதிப்பாசிரியரின் செயலை இஃது ஒத்தது. இம்முறையின் வழிவந்த திருத்தத்தை இன்று பெருங் கணினி நிலையங்களிற் காணலாம். அங்கே 64 பிற்றுகளுக்கு 8 பிற்றுகள் காவலாக நிற்கின்றன.

இதனினும் எளியது ஒன்பதாம் பிற்று முறை. எட்டுப் பிற்றுகளுள் 1 என்பன ஒற்றைப்படையோ இரட்டைப்படையோ என்பதை ஒன்பதாவது பிற்றொன்று குறித்து வைக்கும். படிக்கும்போது அக்கணக்கு ஒவ்வாதாயின் பிழை நேர்ந்தமை தெளிவு. பிழையைத் திருத்த அதனால் இயலாது; அறிவிக்க இயலும். 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி இந்த ஒன்பதாம் பிற்றைக் கொண்டிருந்தது. பிழை கண்டால் அக்கணினி அறிவிப்பொன்றைக் காட்டி அப்படியே நின்றுவிடும். பயன்படுத்துவோர் அதனை வெறுத்தனர். ஆயினும் அது நேர்மையான பொறி.

1990 களில் விலைப்போட்டி மிகுந்தது. ஒன்பதிலொரு பங்கு நினைவகத்தைக் காவலுக்காகச் செலவிடுதல் வீண் எனக் கருதப்பட்டது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதி தொடக்கம் வீட்டுக் கணினிகளினின்று ஒன்பதாம் பிற்று மெல்ல மெல்ல நீங்கிற்று. அன்று தொட்டுப் பிழை நேர்ந்தாலும் கணினி நிற்பதில்லை, சொல்வதுமில்லை. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் இல்லங்களிலும் உள்ள கணினிகளுட் பெரும்பாலானவை இத்தகையனவே. 2020 இல் வகுக்கப்பட்ட ஐந்தாந் தலைமுறை நினைவகத்திற் சில்லினுள்ளே ஓரளவு திருத்தம் உண்டெனினும், சில்லுக்கும் செயலிக்கும் இடைப்பட்ட பாதையில் நேரும் பிழையை அது காப்பதில்லை. பிழையின் மௌனம் இயற்கையின் விதியன்று. விலை கருதி மனிதர் செய்த தெரிவு. காவலன் நீக்கப்பட்டமையாற் காவற்பணி பயன்படுத்துவோரைச் சார்ந்தது. பயன்படுத்துவோருட் பலர் இதனை அறியார்.

நிலைப்பொருளின் வரலாறு

நினைவகமும் செயலியும் தாமாக ஒன்றையொன்று அறியா. மின் பாய்ந்த கணத்தில் அவற்றை ஒன்றோடொன்று அறிமுகஞ் செய்து, ஏனைய மென்பொருள்கள் வருமுன் பொறியை ஒழுங்குபடுத்தும் சிறு நிரலே நிலைப்பொருள் எனப்படும். வழக்கில் இதனைப் ‘பயோஸ்’ என்பர். இப்பெயர் 1970 களின் நடுப்பகுதியிற் கேரி கில்டால் என்பார் ஆக்கிய இயக்க முறைமையிலிருந்து வந்தது. ஐ.பி.எம். தனியாள் கணினியில் அது மாற்றவொண்ணாத சில்லொன்றிற் பொறிக்கப்பட்டிருந்தது. அதனை மாற்றவேண்டுமாயின் சில்லையே கழற்றி வேறொன்று பொருத்தல் வேண்டும். 1990 களில் மின்னால் அழித்தெழுதத்தக்க சில்லுகள் அவ்விடத்தைப் பெற்றமையாற் பயன்படுத்துவோரே நிலைப்பொருளைப் புதுப்பித்தல் இயல்வதாயிற்று. வசதியோடு ஆபத்தும் வந்தது. 1999 ஆம் ஆண்டு ஏப்பிரில் 26 ஆம் நாள் ‘சி.ஐ.எச்.’ என்னும் நச்சுநிரல் பல கணினிகளின் நிலைப்பொருளை அழித்து அவற்றை எழும்பாமற் செய்தமை இதற்குச் சான்றாகும்.

நினைவக அட்டை ஒவ்வொன்றிலும், அதன் வேகம், தாமதம், வேண்டும் வோல்ற்றளவு என்பனவற்றைக் கூறும் சிறு குறிப்பொன்று தனிச்சில்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. நியம வேகம் ஒருபுறம் இருக்க, அதனினும் மிக்க வேகத்துக்குரிய குறிப்பையும் உற்பத்தியாளர் எழுதி வைப்பதுண்டு. இன்ரெல் நிறுவனம் 2007 இல் ‘எக்ஸ்.எம்.பி.’ என்னும் பெயராலும், ஏ.எம்.டி. நிறுவனம் 2022 இல் ‘எக்ஸ்போ’ என்னும் பெயராலும் இதனை ஒழுங்குபடுத்தின. விற்பனைப் பெட்டியின்மேற் பெரிய எழுத்திற் காணப்படும் வேகம் பெரும்பாலும் இம்மிகை வேகமே. அது நியமத்தாற் காக்கப்பட்ட வேகமன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

புதுப்பித்தபின் தடுமாறுவது ஏன்?

ஐந்தாந் தலைமுறை நினைவகம் அதன் தொடக்க வேகத்திலேயே விநாடிக்கு 480 கோடி முறை தரவைக் கைமாற்றும். ஒரு கைமாற்றத்துக்குரிய காலத்தில் ஒளியே ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர்தான் செல்லும். இத்துணைச் சிறிய கால எல்லையினுள், எந்தக் கணத்திற் குறிகையைப் படிப்பது, எந்த வோல்ற்றளவுக்கு மேற்பட்டதை 1 எனக் கொள்வது என்பனவற்றை முன்கூட்டி எழுதிவைத்தல் இயலாது. பலகைக்குப் பலகையும், அட்டைக்கு அட்டையும் அவை வேறுபடும். ஆதலின் கணினி எழும்பும்போது நிலைப்பொருள் பல அளவுகளை இட்டுப் பார்த்து, எவ்வளவிற் பிழையின்றிப் படிக்க முடிகின்றதெனத் தேர்ந்து, அதனைக் குறித்து வைக்கின்றது. இதற்கு நினைவகப் பயிற்சி என்று பெயர்.

நிலைப்பொருள் புதுப்பிக்கப்படும்போது மூன்று மாற்றங்கள் நேரலாம். முதலாவது, முன்னர் இட்டிருந்த அமைப்புகள் அழிந்து தொடக்க நிலை திரும்பலாம். கையால் இட்டிருந்த வோல்ற்றளவு அதனோடு போய்விடும். இரண்டாவது, பயிற்சி செய்யும் முறையே மாறலாம். பழைய முறையில் நூலிழையில் நின்ற அட்டை புதிய முறையில் வழுவலாம், அன்றி வழுவியது நிலைபெறலாம். மூன்றாவது, முன்னைய பயிற்சியின் முடிவுகளை மீளப் பயன்படுத்தும் விரைவு எழுப்பல் முறை இயக்கத்தில் இருந்து, பொருந்தாத அளவுகளோடு கணினி எழும்பலாம். மூன்றினும் நினைவக அட்டை மாறவில்லை. அதனோடு செய்துகொண்ட உடன்பாடே மாறியது. அட்டையைக் குறைகூறிப் புதியது வாங்குவோர் பலர் உடன்பாட்டின் பிழைக்காக அட்டையைத் தண்டிக்கின்றனர்.

2023 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று இதனை விளக்கும். அவ்வாண்டு ஏப்பிரில் மாதத்தில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் 7000 வரிசைச் செயலிகள் சில, மிகை வேக நினைவகக் குறிப்பை இயக்கியபோது மிகுந்த வோல்ற்றளவினாற் கருகின. உடனே வெளிவந்த புதிய நிலைப்பொருள்கள் அவ்வோல்ற்றளவை 1.3 என்னும் எல்லையிற் கட்டுப்படுத்தின. செயலியைக் காத்த அதே கட்டுப்பாடு, எல்லைக்கு மேற்பட்ட அழுத்தத்திலேயே நிலைத்திருந்த மிகை வேக அமைப்புகளை நிலையிழக்கச் செய்யத்தக்கது. அத்தகைய இடத்தில் பழைய நிலைப்பொருளுக்கு மீளுதல் அறிவுடைமையன்று; வேகத்தைக் குறைத்தலே அறிவுடைமை.

2024 இல் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. இன்ரெல் நிறுவனத்தின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைச் செயலிகளைக் கொண்ட கணினிகள் காரணந் தோன்றாமல் நின்றன. காட்சி நினைவகம் போதவில்லை என்னும் அறிவிப்பு அவற்றிற் பலவற்றிலே தோன்றியது. நினைவகத்தையும் காட்சி அட்டையையும் மாற்றியோர் பயன் காணவில்லை. செயலியின் நுண்கட்டளைத் தொகுதி வேண்டியதினும் மிக்க வோல்ற்றளவைக் கோரியதனாற் செயலியே நாளடைவில் நலிந்தது எனப் பின்னர் தெரிய வந்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திற் புதிய நிலைப்பொருள் வாயிலாகவே திருத்தம் வழங்கப்பட்டது. ஆனால் முன்னரே நலிந்த செயலியை அத்திருத்தம் குணப்படுத்தவில்லை. ஓரிடத்தில் நிலைப்பொருள் தடுமாற்றத்துக்குக் காரணம். மற்றோரிடத்தில் அதுவே மருந்து. எனவே புதுப்பித்தலை வெறுத்தலும் தவறு. ஆராயாது புதுப்பித்தலும் தவறு.

நோயறியும் ஒழுங்கு

இவ்வரலாறு கற்பிக்கும் முறை எளியது. அறிந்த நிலைக்கு முதலில் மீளுதல். ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுதல். மாற்றியதையும் கண்டதையும் எழுதி வைத்தல். ஏடுகளை ஒப்புநோக்குவோர் கைக்கொள்ளும் ஒழுங்கும் இதுவே.

முதற்கண், பொறியில் உள்ள தரவை நம்பத்தக்க வேறோரிடத்திற் படியெடுத்து, அப்படியை வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். பழைய படிகளின்மேற் புதிய படியை எழுதலாகாது. தடுமாறும் கணினி தந்த படி பிழையுடையதாயின், நல்ல ஏட்டை அழித்துக் கெட்ட ஏட்டை வைத்தது போலாகும். இரண்டாவதாக, நிலைப்பொருளின் பழைய பதிப்பெண்ணையும் புதிய பதிப்பெண்ணையும் குறித்துக்கொண்டு, மின்னை முற்றாக நீக்கி, அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொணர்தல் வேண்டும். பின்னர் முதன்முறை எழும்பும்போது திரை சில நிமிடம் இருண்டிருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. அது பயிற்சி நடைபெறுங் காலம். அவ்வேளையில் மின்னை நிறுத்துவோரே தீங்கு விளைப்பர்.

மூன்றாவதாக, மிகை வேகக் குறிப்பை இயக்காமல் நியம வேகத்திலேயே நினைவகத்தைச் சோதித்தல் வேண்டும். 1994 இற் கிறிஸ் பிறேடி எழுதிய ‘மெம்ரெஸ்ற்86’ என்னும் நிரலும் அதன் வழிவந்தனவும் இதற்கென அமைந்தவை. அவை கலந்தோறும் குறித்த வடிவங்களை எழுதி, மீளப் படித்து, மாற்றி எழுதி, மீண்டும் படிக்கின்றன. ஒரு சுற்றோடு அமையாது ஓரிரவு முழுவதும் அதனை ஓடவிடுதல் நன்று. பிழை காணப்படின் குறை உண்டென்பது உறுதி. காணப்படாவிடிற் குறை இல்லையென்பது உறுதியன்று.

நியம வேகத்திற் பிழை இல்லையாகி, மிகை வேகத்தில் மாத்திரம் தோன்றுமாயின் அட்டை பழுதுற்றதன்று. வேகத்தை ஒருபடி குறைப்பதோ, அடுத்த நிலைப்பொருட் பதிப்பை எதிர்நோக்குவதோ போதும். விரைவு எழுப்பல் முறையை நிறுத்திப் பயிற்சியைப் புதிதாகச் செய்வித்தலும் பயன் தரலாம். நான்கு அட்டைகள் செருகப்பட்டிருப்பின் இரண்டைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். றைசன் 7000 வரிசைக்கு இரண்டு அட்டைகளோடு 5200 என உறுதியளிக்கப்பட்ட வேகம், நான்கு அட்டைகளோடு 3600 எனக் குறைவது இதன் காரணத்தை உணர்த்தும்.

நியம வேகத்திலும் பிழை தோன்றுமாயின், அட்டைகளைத் தனித்தனியே ஒரே செருகிடத்தில் இட்டுச் சோதித்தல் வேண்டும். பிழை ஓர் அட்டையைப் பின்தொடருமாயின் அவ்வட்டையே பழுது. பிழை செருகிடத்தைப் பின்தொடருமாயின் தொடுமுனைகளிற் படிந்த தூசியோ பலகையோ காரணமாகலாம். வன்னியின் வரட்சிக் காலப் புழுதியை அறிந்தோர் தொடுமுனையைத் துடையாது அட்டையைத் தள்ளிவிடார். எங்கும் எதனோடும் பிழை தோன்றுமாயின் மின்வழங்கியையும் செயலியையும் ஆராய்தல் வேண்டும். 2003 இல் ஏ.எம்.டி. நிறுவனமும் 2008 இல் இன்ரெல் நிறுவனமும் மேசைக்கணினியின் நினைவகக் கட்டுப்பாட்டுறுப்பைச் செயலியினுள்ளேயே வைத்தமையின், நினைவகப் பிழை போலத் தோன்றுவது செயலியின் பிழையாகவும் இருத்தல் கூடும்.

நிலைப்பொருளைப் புதுப்பிக்கும் வேளையில் மின் நின்றுவிடின் பலகையே எழும்பாது போகலாம். 1990 களிலும் 2000 களிலும் வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்வலையமைப்பின் தொடர்பின்றி இருந்தது. 2022 மார்ச்சு மாத இறுதியிலோ நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. ஆதலின் ‘யூ.பி.எஸ்.’ இன்றிப் புதுப்பித்தலைத் தொடங்குதல் தகாது. அவ்வாண்டில் உரூபாவின் பெறுமதி வீழ்ந்தமையால் இறக்குமதியாகும் கணினி உறுப்புகளின் விலை பெரிதும் உயர்ந்ததையும் எவரும் மறந்திரார். நல்ல அட்டையைத் தவறாகக் குற்றஞ் சாட்டி எறிதல் சிற்றூர்ப் பாடசாலையொன்றுக்குப் பெருநட்டமாகும்.

ஓசையற்ற பிழை

எனினும் பெரிய நட்டம் பணத்தாலாவதன்று. 2003 ஆம் ஆண்டு மே மாதம் பெல்சிய நாட்டின் தேர்தலிற் பிரசல்ஸ் நகரைச் சார்ந்த இசுகார்பேக் என்னுமிடத்தில், வேட்பாளர் ஒருவர் மின்னணு வாக்கெண்ணலிற் பெறத்தக்கதினும் மிகுந்த வாக்குகளைப் பெற்றிருந்தார். மீள எண்ணியபோது மிகுதி 4,096 எனக் கண்டனர். இரண்டைப் பன்னிரு முறை பெருக்கினால் வரும் எண் அது. நினைவகத்தில் ஒரேயொரு பிற்று மாறியிருப்பின் அத்தகைய வேறுபாடு தோன்றும். ஆராய்ந்தோர் வேறு காரணம் எதனையும் காணவில்லை. நோக்கற்பாலது யாதெனில், அப்பிழை வெளிப்பட்டமை அவ்வெண் பொருந்தாத அளவிற் பெரிதாயிருந்தமையாலன்றி வேறில்லை. கீழ்வரிசைப் பிற்றொன்று மாறி, ஓரிரு வாக்குகளே மிகுந்திருப்பின் அதனை எவரும் அறிந்திரார்.

இவை எங்கோ ஒருமுறை நிகழ்வன எனக் கருதலாகாது. கூகிள் நிறுவனத்தின் கணினி நிலையங்களை ஆராய்ந்து 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நினைவக அட்டைகளுள் 8 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஓராண்டினுள் ஒரு பிழையேனும் காட்டியமையைத் தெரிவித்தது. அங்கே திருத்தும் பிற்றுகள் உண்டு. ஆதலாற் பிழைகள் எண்ணப்பட்டன. காவலற்ற கணினிகளில் அவை எண்ணப்படுவதேயில்லை.

விசுவமடுவிலே ஒரு மாணவியின் பிறந்த ஆண்டில் ஓர் இலக்கம் மாறினாலும், காணித் துண்டொன்றின் எண் மாறினாலும், அம்மாற்றம் பொருளுடைய வேறோர் எண்ணாகவே தோன்றும். அதனை எதிர்த்துக் காட்டப் பழைய ஏடு பல வீடுகளில் இல்லை. நின்றுபோகும் கணினி அலுப்பைத் தருவது. நில்லாது பிழைபடும் கணினியே அஞ்சத்தக்கது. ஆகையால் நிலைப்பொருளைப் புதுப்பித்தபின் கணினி இருமுறை காரணமின்றி நின்றதாயின், அதனைத் தொல்லை எனத் தள்ளாது, எச்சரிக்கை எனக் கொண்டு, சோதித்து முடியும்வரை அதிற் பதிவேடு எழுதுவதை நிறுத்துதல் கடமையாகும். முதன்மைப் பதிவுகளைக் கடதாசியிலும் அச்சிட்டு ஒப்பமிட்டு வைத்தல் பழமை விரும்புவோர் வழக்கமன்று. ஒப்புநோக்குதற்கு இரண்டாம் ஏடு வேண்டும் என்னும் பழைய பாடத்தின் பயனே அது.

க.பொ.த. உயர்தரத்தில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பயிலும் மாணவருக்கு நினைவகத்தின் வகைகளும் கொள்ளளவுகளும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றோடு அது மறக்கும் இயல்பினது என்பதும், அதனைக் காத்த ஒன்பதாம் பிற்று ஏன் நீங்கிற்று என்பதும், பிழையை ஒழுங்காகத் தேடும் முறையும் கற்பிக்கப்படுமாயின் நன்று. 2014 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே தொடங்கப்பெற்றமையால், அத்தேடலை மேற்கொண்டு தொடர வன்னி மாணவருக்கு அண்மையிலேயே இடமுண்டு. 1948 இல் மான்செஸ்ரரிற் கட்டப்பட்ட சிறு கணினி, தன் நினைவை நம்பலாமா என்னும் வினாவோடு பிறந்தது. அவ்வினாவை விடுத்து வேகத்தை மாத்திரம் வினவத் தொடங்கியமையே பிற்காலத்தார் செய்த பிழை. ஏடிழந்த துயரை அறிந்த மண்ணின் மாணவர் அம்முதல் வினாவை மீண்டும் எழுப்புவாராயின், அவர் கையில் எழுதப்படும் இரண்டாம் ஏடு முதலாவதினும் உறுதியாக நிற்கும்.